ஏட்டறிவும் ஏழ்மையும்: ஐரோப்பா கற்ற பாடம்



ஏழை வீட்டில் பிறந்த பிள்ளை ஏழையாகவே வளர்வது ஏன்? இக்கேள்விக்கு உலகம் நெடுங்காலமாக இரண்டு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. பெற்றோர் கல்லாதவர்கள், ஆதலால் பிள்ளை வறுமையில் வாடுகிறது என்பது ஒன்று. பெற்றோர் வறியவர்கள்; ஆதலால் பிள்ளை கல்வியை இழக்கிறது என்பது மற்றொன்று. விதை முந்தியதா, மரம் முந்தியதா என்னும் பழைய வழக்கைப் போன்றதுதான் இதுவும். ஆனால் இது வெறும் வாதப் பொருளன்று. முதல் விடையை நம்பும் அரசு பெற்றோரைக் கடிந்துகொள்ளும். இரண்டாவது விடையை நம்பும் அரசு தன் கருவூலத்தைத் திறக்கும். எந்த விடை வெல்கிறது என்பதைப் பொறுத்துப் பல இலட்சம் குழந்தைகளின் உணவும் உடையும் அமைகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம் 27 நாடுகளிலும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2023-ஆம் ஆண்டில் அந்நாடுகளில் வாழ்ந்த 18 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், வறுமையிலோ சமூகத்தின் பொது வாழ்விலிருந்து ஒதுக்கப்படும் நிலையிலோ விழக்கூடிய அபாயத்தில் இருந்தார். இதனைப் பெற்றோர் கல்வியின்படி பிரித்துப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது. கல்லூரிப் படிப்பு முடித்த பெற்றோரின் பிள்ளைகளுள் பத்தில் ஒருவருக்கே அந்த அபாயம்; நடுநிலைப் பள்ளியோடு நின்றுவிட்ட பெற்றோரின் பிள்ளைகளுள் பத்தில் அறுவருக்கு அந்த அபாயம். செல்வம் கொழிக்கும் கண்டம் என்று நாம் எண்ணும் ஐரோப்பாவில் இன்றும் இந்நிலை. இது எவ்வாறு நேர்ந்தது? அங்கும் சில நாடுகள் இந்தச் சங்கிலியைத் தளர்த்தியது எவ்வாறு? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

எல்லோர்க்கும் எழுத்தறிவித்தால் வறுமை தானே ஒழியும் என்பது ஒரு நம்பிக்கை. ஐரோப்பாவின் வடபுறத்து வரலாறு இந்நம்பிக்கையை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்வீடன் நாட்டில் 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொருவரும் சமய நூலைத் தாமே படிக்கக் கற்கவேண்டும் என்று விதித்தது. பிள்ளைகளுக்கு எழுத்தைக் காட்டுவது பெற்றோரின் கடமை. பாதிரியார் வீடு வீடாகச் சென்று குடும்பத்தாரைச் சோதிப்பார். அக்காலத்தில் ஸ்வீடனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பின்லாந்திலும் இதே சட்டம். ஆக, பள்ளிக்கூடங்கள் பெருகுவதற்கு முன்பே அங்கே குடியானவர்களும் படிக்கத் தெரிந்தவர்களாயினர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1763-ஆம் ஆண்டில் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான சட்டத்தைப் பிறப்பித்துக் கட்டாயக் கல்விக்கு அடிகோலினார். அடுத்த நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் பிரஷ்யர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றுவிட்டனர்.

ஆனால் 1844-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதே பிரஷ்யாவின் சைலீஷியப் பகுதியில் பசி தாங்காத நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். படை வந்து சுட்டது. 1866 முதல் 1868 வரை பின்லாந்தைத் தாக்கிய கொடும் பஞ்சத்தில் மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் மாண்டனர். ஸ்வீடனில் ஆதரவற்ற ஏழைக் குழந்தைகளை ஊரார் கூடி ஏலம் விடும் வழக்கம் இருந்தது. இது தலைகீழான ஏலம். அதிக விலை கேட்டவர்க்கன்று, 'இப்பிள்ளையை வைத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்' என்று மிகக் குறைந்த தொகை கேட்டவர்க்கே பிள்ளை உரியது. குறைந்த தொகைக்கு வாங்கியவர் பிள்ளைக்கு என்ன சோறிட்டிருப்பார், எவ்வளவு வேலை வாங்கியிருப்பார் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1918-ஆம் ஆண்டின் ஏழையர் பாதுகாப்புச் சட்டமே ஸ்வீடனில் இவ்வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆக, ஏடு படிக்கத் தெரிந்த நாட்டிலும் ஏழைப் பிள்ளை ஏலத்துக்கு வந்தது. எழுத்தறிவு வேறு, வயிற்றுக்கு உணவு வேறு என்பது இதனால் விளங்கும்.

இங்கிலாந்தின் கதை வேறு வகையானது. அங்கே ஆலை முந்தியது, பள்ளி பிந்தியது. 1833-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பஞ்சாலையிலும் கம்பள ஆலையிலும் அமர்த்தக்கூடாது என்று தடுத்தது; ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்றது; அவர்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் கல்வி வேண்டும் என்றும் விதித்தது. நாடு முழுவதையும் மேற்பார்க்க நியமிக்கப்பெற்ற ஆய்வாளர்கள் நால்வரே. பிள்ளை பள்ளிக்கு வந்ததற்கு ஆசிரியர் சான்று தரவேண்டும். அச்சான்றுகளுட் சிலவற்றில் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெருக்கல் குறி இருந்தது. ஆம், ஆசிரியருக்கே எழுதத் தெரியவில்லை! ஆகவேதான் 1844-ஆம் ஆண்டுச் சட்டம், சான்றை ஆசிரியர் தம் கைப்படவே எழுதவேண்டும் என்று தனியாக ஒரு விதியைச் சேர்க்க நேர்ந்தது.

அந்த 1844-ஆம் ஆண்டுச் சட்டம் 'அரைநாள் பிள்ளைகள்' என்னும் முறையை நிலைநாட்டியது. எட்டு வயது நிரம்பிய பிள்ளை நாளின் ஒரு பாதியில் ஆலையில் உழைக்கலாம். மறு பாதியில் பள்ளியில் அமர வேண்டும். விடியற்காலையிலேயே எழுந்து, இயந்திரங்களின் பேரிரைச்சலுக்கிடையே அறுந்த இழைகளை முடிந்துவிட்டு வந்த சிறுவன், பிற்பகலில் பலகையின்மேல் தலைசாய்த்து உறங்கியதில் வியப்பென்ன? 1870-ஆம் ஆண்டில் போர்ஸ்டர் கொணர்ந்த சட்டம் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வழிசெய்தது. 1880-இல் பள்ளிக்கு வருவது கட்டாயமாயிற்று. 1891-இல் பெரும்பாலும் கட்டணமும் நீங்கிற்று. எனினும் லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் அரைநாள் முறை மறையவில்லை. குறைந்த வயதுதான் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மெல்ல மெல்ல ஏறியது.

இங்கே நாம் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்முறையை விட மறுத்தவர்கள் ஆலை முதலாளிகள் மட்டும் அல்லர். பிள்ளைகளின் பெற்றோரே விட மறுத்தார்கள். 1909-ஆம் ஆண்டில் பஞ்சாலைத் தொழிலாளரிடையே வாக்கெடுப்பு நடந்தபோது, அரைநாள் வயதை உயர்த்துவதை மிகப் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். அவர்கள் பிள்ளைகளை நேசிக்காதவர்களா? அல்லர். அவர்களே ஒரு காலத்தில் அரைநாள் பிள்ளைகளாக இருந்தவர்கள். பள்ளி அவர்களுக்கு எதையும் தரவில்லை, ஆலைதான் சோறிட்டது. பிள்ளை கொண்டுவரும் சில ஷில்லிங்குகள் இல்லையேல் அந்த வாரத்து வாடகை இல்லை. தான் ருசித்தறியாத கனியைத் தன் பிள்ளைக்காகக் காத்திருந்து பறித்துத் தர எவரால் இயலும்? பெற்றோரின் கல்வியின்மை பிள்ளையின் வாழ்வைத் தொடுகின்ற இடம் இதுதான். அறியாமை இங்கே தனித்து நிற்கவில்லை. வாடகைக் கணக்கோடு கைகோத்து நிற்கிறது. 1918-ஆம் ஆண்டில் பிஷர் கொணர்ந்த கல்விச் சட்டமே இம்முறைக்கு முடிவு கட்டி, பதினான்கு வயது வரை முழுநேரப் பள்ளி என்று விதித்தது.

'ஏழைகள் சோம்பேறிகள், குடிகாரர்கள். அதனால்தான் அவர்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன' என்று பேசுவது அந்நாளில் கனவான்களின் வழக்கம். இதனை எண்ணும் எழுத்துமாக மறுத்துக் காட்டியவர் யார்க் நகரத்துச் சாக்கலேட் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுண்ட்ரீ. 1899-ஆம் ஆண்டில் அந்நகரத்தின் 11,560 தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி அவர் வீடு வீடாகத் தகவல் திரட்டச் செய்தார். நகர மக்களில் நூற்றுக்கு 27.84 பேர் வறுமையில் உழன்றனர் என்பது தெரியவந்தது. அவர்களுள் மிகக் கடும் வறுமையில் இருந்தோருக்கு அது நேர்ந்த காரணத்தையும் அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழப் பாதிப் பேரின் வறுமைக்குக் காரணம், குடும்பத் தலைவன் நாள்தோறும் ஒழுங்காக உழைத்தும் கூலி போதாமையே! மற்றும் நூற்றுக்கு 22 பேரின் வறுமைக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையும், 15 பேருக்குச் சற்று மேற்பட்டோரின் வறுமைக்குச் சம்பாதிப்பவர் இறந்ததும் காரணங்கள்.

அவர் கண்ட இன்னோர் உண்மை அதனினும் ஆழமானது. உழைப்பாளியின் வாழ்வில் வறுமை மும்முறை வந்து கதவைத் தட்டுகிறது: அவன் குழந்தையாக இருக்கும்போது ஒரு முறை; அவனுக்குக் குழந்தைகள் பிறந்து வளரும்போது ஒரு முறை; அவன் முதுமையுற்றுத் தளரும்போது ஒரு முறை. முதல் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். தந்தையின் இரண்டாம் வறுமைதான் மகனின் முதல் வறுமை. உடலும் மூளையும் வளரவேண்டிய ஆண்டுகளிலேயே பசி வந்து அமர்ந்துவிடுகிறது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை முதலில் உணர்ந்து செயற்பட்ட நகரங்களுள் ஒன்று பிராட்போர்ட். 1906-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. அடுத்த ஆண்டிலேயே பிராட்போர்டின் பள்ளி மருத்துவர் ரால்ப் கிரௌலி, ஏழைப் பிள்ளைகள் நாற்பதின்மருக்கு உணவளித்து வாரந்தோறும் எடை பார்த்தார். உணவளித்த வாரங்களில் எடை ஏறியது. இடையே விடுமுறை வந்தபோது இறங்கியது. பள்ளி திறந்ததும் மீண்டும் ஏறியது. தராசுத் தட்டு சொன்ன அச்சாட்சியத்தை எந்தச் சொற்பொழிவாலும் மறுக்க முடியவில்லை. சென்னை மாநகராட்சி 1920-ஆம் ஆண்டில் தொடங்கியதும், 1956-இல் காமராசர் ஆட்சி மாநிலமெங்கும் பரப்பியதுமான மதிய உணவை அறிந்த நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

உணவோடு நில்லாமல், பிள்ளை வளர்க்கும் குடும்பத்துக்குப் பணமும் வேண்டும் என்று வாதிட்டவர் எலினார் ராத்போன் என்னும் பெருமாட்டியார். கூலி, வேலைக்குத் தக்கபடி கிடைப்பது. வீட்டில் உண்ணும் வாய்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கிடைப்பதன்று. இந்த இடைவெளியைச் சமூகம் நிரப்ப வேண்டும், அதுவும் தாயின் கையிலேயே தரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1924-ஆம் ஆண்டில் நூலெழுதி, பின்னர்ப் பாராளுமன்றத்திலும் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அவர் போராடினார். 1945-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. பணத்தைத் தந்தைக்கே தருவது என்றிருந்த மசோதாவை எதிர்த்து, தாய்க்கே என்று மாற்றச் செய்தார். இரண்டாம் பிள்ளை முதலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங். 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தாய்மார்கள் அஞ்சலகங்களில் வரிசையாக நின்று முதற் பணத்தைப் பெற்றபோது அதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

பிள்ளைக்கு உணவும் உதவியும் ஒரு புறம். பெற்றோர்க்கே கல்வி தந்தால் என்ன என்பது மறுபுறம். இவ்வழியில் முன் நடந்தது சின்னஞ்சிறு டென்மார்க். 1814-ஆம் ஆண்டிலேயே பிள்ளைகளுக்கு ஏழாண்டுக் கல்வியைக் கட்டாயமாக்கிய அந்நாடு, குருண்ட்விக் என்னும் அறிஞரின் கருத்தைப் பின்பற்றி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளியை நிறுவியது. வளர்ந்த உழவர் மக்கள் அங்கே தங்கித் தாய்மொழியையும் வரலாற்றையும் நாட்டு நடப்பையும் கற்றனர். அங்கே தேர்வில்லை, பட்டமும் இல்லை. பின்னர் அமெரிக்கக் கோதுமை மலிந்து ஐரோப்பிய உழவர்கள் நிலைகுலைந்தபோது, டேனிய உழவர்கள் தானியத்தை விட்டு வெண்ணெய்க்கு மாறினர்; 1882-இல் முதற் கூட்டுறவுப் பால் பண்ணையை எழுப்பினர். ஒன்றுகூடிப் பேசி, கணக்கெழுதி, பொறுப்பேற்று நடத்தும் ஆற்றலை அவர்களிடம் வளர்த்ததில் அப்பள்ளிகளுக்குப் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர்.

பின்லாந்து இருவழிகளையும் இணைத்தது. 1938-ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டிய துணிமணிகள் அடங்கிய பெட்டி ஒன்றை அரசு வழங்கியது. அப்பெட்டியே குழந்தைக்குத் தொட்டிலும் ஆயிற்று. கருவுற்ற சில மாதங்களுக்குள் மருத்துவரிடமோ நலவிடுதிக்கோ சென்று ஆலோசனை பெறவேண்டும் என்பதே நிபந்தனை. பரிசு பெட்டி, அதனுள் மறைந்திருந்த பாடம் பெற்றோர் கல்வி! 1948-ஆம் ஆண்டிலிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் இலவச மதிய உணவு. 1970-களில், பத்து வயதிலேயே பிள்ளைகளை இருவேறு பள்ளிகளாகப் பிரிக்கும் பழைய ஏற்பாட்டை ஒழித்து, எல்லோர்க்கும் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளியை அந்நாடு அமைத்தது. தொலைவான வடகோடியிலிருந்தே அதைத் தொடங்கியது.

இனித் தெற்கு நோக்கிச் செல்வோம். இத்தாலி 1861-இல் ஒன்றுபட்டபோது நால்வரில் மூவர் எழுத்தறியாதவர். நூறாண்டு கழித்தும் அதன் நிழல் நீங்கவில்லை. டஸ்கனி மலைச் சிற்றூராகிய பார்பியானாவில் 1954 முதல் பணியாற்றிய பாதிரியார் லொரென்சோ மிலானி, பள்ளியால் தள்ளப்பட்ட குடியானவப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். அம்மாணவர்கள் 1967-ஆம் ஆண்டில் ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடித வடிவில் நூலொன்றை வெளியிட்டனர். தேர்வில் தவறியவர்கள் யார் யார், அவர்களுடைய தந்தையரின் தொழில் என்ன என்று அவர்களே கணக்கெடுத்து அட்டவணையிட்டனர். உழவன் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் தவறுகின்றன. கற்றவர் வீட்டுப் பிள்ளை தேறுகிறது. பள்ளிக்கதவு எல்லோர்க்கும் திறந்திருந்தது. ஆனால் வீட்டிலேயே பாதிப் பாடம் கற்று வந்தவர்க்கே அது பயன்பட்டது. ஆறாண்டுகளுக்குப் பின், 1973-இல், இத்தாலிய உலோகத் தொழிலாளர்கள் தங்கள் ஊதிய ஒப்பந்தத்தில் புதுமையான கோரிக்கையொன்றை வென்றனர்: சம்பளத்தோடு 150 மணி நேரம் கல்விக்கு! விட்டுப்போன நடுநிலைப் பள்ளிச் சான்றிதழைப் பெற நரைமுடித் தந்தையர் பெஞ்சில் அமர்ந்தனர்.

போர்த்துகல் இதனினும் பின்தங்கியிருந்தது. சலசாரின் ஆட்சியில் கட்டாயக் கல்வி மூன்றே ஆண்டுகள். அது நான்காண்டானது ஆண்பிள்ளைகளுக்கு 1956-இல், பெண்பிள்ளைகளுக்கு 1960-இல். 1970-ஆம் ஆண்டிலும் நால்வரில் ஒருவர் எழுத்தறியாதவர். 1960-களில் பல இலட்சம் போர்த்துகேயர் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்றனர். பாரிஸ் நகரின் புறத்தே ஷாம்பினி என்னுமிடத்தில் தகரமும் பலகையும் கொண்டு கட்டிய குடிசைகளில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். மூன்றாண்டே படித்த தந்தை. வேற்று மொழிப் பள்ளியில் மகன். வீட்டுப் பாடத்தைப் பார்த்துச் சொல்ல அத்தந்தையால் இயலாது. ஆசிரியரிடம் போய்க் கேட்கவும் நா எழாது. 1974-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் போர்த்துகல் விழித்தெழுந்தது. 2000-களின் தொடக்கத்தில் இளைஞருள் நூற்றுக்கு நாற்பதின்மர் படிப்பை இடையில் நிறுத்தினர். இருபது ஆண்டுகளில் அது பத்துக்கும் கீழே இறங்கியது.

இந்தச் சங்கிலி மிக இறுகியிருப்பது ருமேனியா, பல்கேரியா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில். அங்கே துன்புறுவோருள் ரோமா இனத்தார் பலர். அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் பாரத நாட்டிலிருந்து மேற்கே சென்றவர்களின் வழித்தோன்றல்கள். அவர்தம் மொழி வடஇந்திய மொழிகளின் உறவு. இன்றைய ருமேனியாவின் பகுதிகளில் 1850-கள் வரை அவர்கள் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். செக் நாட்டில் அவர்தம் பிள்ளைகளை மந்தபுத்தியுள்ளோர்க்கான தனிப் பள்ளிகளில் தள்ளியது பாகுபாடே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கொள்ளுப்பாட்டனுக்கு மறுக்கப்பட்ட ஏடு, கொள்ளுப்பேரனின் தட்டில் சோறில்லாமற் செய்கிறது.

ஆனால் இது விதியன்று. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் ருமேனியாவில் பத்தில் ஏறத்தாழ நான்கு பிள்ளைகள் அபாயத்தில் இருக்க, ஸ்லோவீனியாவில் பத்தில் ஒன்றே அந்நிலையில் இருந்தது. பெற்றோர் கல்வி எங்கும் பிள்ளையின் வாழ்வைத் தொடுகிறது. எவ்வளவு அழுத்தமாகத் தொடுகிறது என்பதோ நாட்டுக்கு நாடு மாறுகிறது. அம்மாறுதலை உண்டாக்குவது மக்கள் இயற்றும் சட்டமும் அவர்கள் பகிரும் பொருளும் ஆகும். 2021-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி, பள்ளி உணவு, மருத்துவம், உறையுள் ஆகியவற்றுக்கு உறுதியளிக்க உடன்பட்டதும் இதனை உணர்ந்தேயாம்.

தொடக்கத்தில் எழுப்பிய வழக்குக்கு வருவோம். விதையும் மரமும் ஒன்றையொன்று ஈன்றுகொண்டே செல்கின்றன. ஆகவே எங்கேனும் ஓரிடத்தில் வெட்டினால் போதாது. சோற்றை மட்டும் தந்தாலும் போதாது, ஏட்டை மட்டும் தந்தாலும் போதாது. ஸ்வீடன் ஏட்டைத் தந்தது, ஏலம் நிற்கவில்லை. லங்காஷயர் கூலியைத் தந்தது; பள்ளி வெல்லவில்லை. இரண்டையும் ஒருசேரத் தந்து, பெற்றோரையும் மாணவராக்கிய நாடுகளே முன்னேறின.

ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களுக்கு ஷாம்பினிக் குடிசையிலிருந்த தந்தையின் நிலை அயலாகத் தோன்றாது. பள்ளி வாயிலில் தயங்கி நிற்கும் கல்லாத தாயையோ தந்தையையோ நீங்கள் கண்டிருக்கலாம். அத்தயக்கத்தை அசட்டையென்று எண்ணிவிடுதல் எளிது. லங்காஷயர்ப் பெற்றோரையும் அவ்வாறே எண்ணினார்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது அன்பன்று. வாடகைப் பணமும், பள்ளியால் நன்மை பெற்ற நினைவும்தான். முன்னதை அரசு தரக்கூடும். பின்னதை அண்டை வீட்டாராகிய நாமும் சிறிது தரலாம்.